பக்கவேலையை ஒளிக்காதீர்கள்!

ஹிஞ்சேவாடியின் மார்க்கெட்டிங் இளைஞர்களுக்கு எஸ்.எஸ். வாசன் முதல் அம்பி பரமேஸ்வரன் வரை விட்டுச்சென்ற பாடம்

2022 ஆகஸ்டில் விப்ரோவின் தலைவர் ரிஷத் பிரேம்ஜி ட்விட்டரில் இரண்டே வரி எழுதினார். ஐ.டி. துறையில் மூன்லைட்டிங் (ஒரு வேலையில் இருந்துகொண்டே இன்னொரு வேலையும் பார்ப்பது) பற்றிப் பேச்சு பலமாக அடிபடுகிறது, அது அப்பட்டமான ஏமாற்று வேலை என்பதுதான் அதன் சாரம். அடுத்த மாதமே, போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை பார்த்த 300 பேரை வெளியே அனுப்பிவிட்டதாக ஒரு கூட்டத்தில் அறிவித்தார். இன்ஃபோசிஸ் தன் ஊழியர்களுக்கு எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பியது. டெக் மஹிந்திராவின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி சி.பி. குர்னானி மட்டும் வேறு குரலில் பேசினார். கொடுத்த வேலையைச் சரியாக முடிக்கிறவர் மேற்கொண்டு கொஞ்சம் சம்பாதிக்க நினைத்தால் தனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் சொல்லிவிட்டுச் செய்யட்டும் என்றார்.

இந்த மூன்று நிறுவனங்களுக்கும் ஹிஞ்சேவாடியில் வளாகங்கள் இருக்கின்றன. புனே நகரின் மேற்கு விளிம்பில், மும்பை - பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் அமைத்த ராஜீவ் காந்தி இன்ஃபோடெக் பார்க் இது. மூன்று கட்டங்களாக ஹிஞ்சேவாடி, மாண், மாருஞ்சி கிராமங்களின் வயல்வெளிகளில் விரிந்தது. சில கிலோமீட்டர் இடைவெளியில், ஒரே கேள்விக்கு இரண்டு பதில்கள். காலையில் சிவாஜி சௌக் நெரிசலில் பஸ்ஸுக்குள் நசுங்கிக்கொண்டிருக்கும் இளைஞர் எந்தப் பதிலை எடுத்துக்கொள்வது?

அன்று நடந்த விவாதம் பெரும்பாலும் புரோகிராமர்களைப் பற்றியது. ஒரே ஆள் இரண்டு கம்பெனிகளுக்குக் கோட் எழுதலாமா என்பதோடு அது நின்றுவிட்டது. அதே வளாகங்களில் மார்க்கெட்டிங் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அவர்களுக்குப் பக்கவேலை என்பது மேல்வருமானத்தை விடப் பெரிய விஷயம். தொழிலையே அவர்கள் அங்கேதான் கற்கிறார்கள் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். அந்தக் கல்வி கெட்டுப்போவது ஒளிவுமறைவால் மட்டும்தான்.

வாங்குகிறவர் முகம் தெரியாத விற்பனை

ஹிஞ்சேவாடியில் மார்க்கெட்டிங் வேலை எப்படி இருக்கும் என்பதைப் பார்த்தால்தான் இது புரியும். விற்கப்படுவது சோப்போ பிஸ்கட்டோ கிடையாது. அமெரிக்காவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கோ ஜெர்மனியில் ஒரு கார் கம்பெனிக்கோ தேவைப்படும் மென்பொருள் சேவை. அதற்காக இங்கே ப்ரொபோசல் எழுதுகிறார்கள், கேஸ் ஸ்டடி தயாரிக்கிறார்கள், வெபினார் நடத்துகிறார்கள், லிங்க்டினில் கேம்பெய்ன் ஓட்டுகிறார்கள். எத்தனை பேர் க்ளிக் செய்தார்கள், அதில் எத்தனை லீட் தேறியது என்று வாராவாரம் அறிக்கை போகிறது. அமெரிக்கா விழிக்கும் நேரத்தில் இங்கே சாயங்காலம் என்பதால், மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது இவர்களுக்குக் கான்ஃபரன்ஸ் கால் தொடங்குகிறது.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டிருக்கிறது. பொருளை வாங்குகிறவரின் முகத்தை இவர்கள் பார்ப்பதே இல்லை. விலை கேட்டதும் அவர் புருவம் உயர்ந்ததா, எந்த வார்த்தையில் அவர் மனம் இளகியது, வேண்டாம் என்று எழுந்து போனவர் எதற்காகப் போனார், எதுவும் தெரியாது. திரையில் ஓர் எண் கூடும், அல்லது குறையும். பத்து வருடம் இப்படியே வேலை பார்த்து, பதவி உயர்ந்து, ஒரு பொருளைக்கூட ஒரு மனிதரிடம் நேருக்கு நேர் விற்றுப் பார்க்காமலே மார்க்கெட்டிங் மேனேஜர் ஆகிவிட முடியும்.

வாரக் கடைசியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இட்லி மாவு விற்கிறவர், சஹ்யாத்ரி மலைக்கு ட்ரெக்கிங் கூட்டிப்போகிறவர், தமிழில் பாட்காஸ்ட் நடத்துகிறவர், பக்கத்துத் தெருப் பல் மருத்துவருக்கு விளம்பரம் எழுதிக் கொடுக்கிறவர் எல்லாம் அந்த விடுபட்ட கண்ணியைத்தான் கோத்துக்கொள்கிறார்கள். மாவு புளித்துப்போனால் கதவைத் தட்டிச் சொல்லும் வாடிக்கையாளர் எந்த மேலாண்மைக் கல்லூரியிலும் கிடைக்க மாட்டார். பத்துப் பேர் வருவார்கள் என்று நம்பி வண்டி பேசிவிட்டு, மூன்று பேரோடு மலையேறியவருக்கு விலை நிர்ணயம் பற்றி யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு நீண்ட முன்வரலாறு இருக்கிறது.

விளம்பரம் பிடிக்க வந்தவர்

திருத்துறைப்பூண்டியில் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தாயின் உழைப்பில் வளர்ந்து சென்னைக்கு வந்தவர் எஸ்.எஸ். வாசன். பச்சையப்பன் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டார். அவர் முதலில் கையில் எடுத்தது இரண்டு வேலைகள். ஒன்று, பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துத் தருவது. இன்னொன்று, பத்திரிகையில் விளம்பரம் செய்து பொருள்களைத் தபால் வழியாக விற்பது. இன்றைய மொழியில் சொன்னால் பகலில் ஏஜென்சி, மீதி நேரத்தில் ஆன்லைன் கடை. ஒன்றில் விளம்பரத்தை விற்றார். மற்றொன்றில் அதே விளம்பரத்துக்குக் கைக்காசைக் கொடுத்து, அது பலிக்கிறதா என்று தபால்காரர் கொண்டுவரும் ஆர்டரில் பார்த்தார். தன் சரக்கைத் தானே வாங்கிச் சோதித்த விற்பனையாளர் அவர்.

அவர் விளம்பரம் கொடுத்துவந்த பத்திரிகைகளில் ஒன்று, பூதூர் வைத்தியநாத அய்யர் 1926இல் தொடங்கிய 'ஆனந்த விகடன்'. அது நொடித்துப்போய் நின்றபோது, 1928இல் வாசன் அதை வாங்கினார். பெயரில் இருக்கும் எழுத்து ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் என்று அந்த விலையைச் சொல்வார்கள். நின்றுபோன பத்திரிகையை வாங்கும் துணிச்சல் எங்கிருந்து வந்தது? விளம்பரதாரர் பத்திரிகையில் எதைத் தேடுகிறார் என்பதும், வாசகர் எதற்குக் காசு கொடுக்கிறார் என்பதும் அவருக்கு முன்பே தெரியும். மேசையின் இரு பக்கத்திலும் உட்கார்ந்திருந்தவர் அவர். கல்கியை எழுத வைத்தார், மாலியை வரைய வைத்தார், குறுக்கெழுத்துப் போட்டி நடத்தினார். விகடன் வீட்டுக்கு வீடு போயிற்று.

விகடனில் தொடராக வந்த அவருடைய கதை 'சதிலீலாவதி' என்ற பெயரில் 1936இல் படமானது. எம்.ஜி.ஆர். திரையில் முதன்முதலாகத் தோன்றிய படம் அது. கதை கொடுத்தவர் அடுத்துப் பட விநியோகத்தில் இறங்கினார். தீவிபத்துக்குள்ளான ஒரு ஸ்டுடியோ ஏலத்துக்கு வந்தபோது எடுத்து, ஜெமினி என்று பெயரிட்டார். ஒவ்வொரு புது வேலையின் வாசலும் முந்தைய வேலைக்குள்தான் இருந்திருக்கிறது. விளம்பரத்திலிருந்து பத்திரிகை, பத்திரிகையிலிருந்து கதை, கதையிலிருந்து படம், படத்திலிருந்து ஸ்டுடியோ. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குத் தாவித்தாவிப் போனது போலத் தெரியும். கிட்டத்தில் பார்த்தால் ஒரே படிக்கட்டு.

அந்தப் படிக்கட்டின் உச்சி 'சந்திரலேகா'. ஐந்தாண்டு இழுத்த படம், செலவு சுமார் 30 லட்சம் ரூபாய். முதலில் இயக்கியவர் நடுவில் விலகிவிட, அதுவரை படம் இயக்கியே இராத வாசன் தானே இயக்குநர் ஆனார். 1948 ஏப்ரலில் தமிழில் வெளியாகி நன்றாக ஓடியும், போட்ட பணம் தமிழில் மட்டும் திரும்பாது என்பது தெளிவாயிற்று. அங்கே விழித்துக்கொண்டது பழைய விளம்பர ஏஜென்ட். காட்சிகளைச் சேர்த்தும் மாற்றியும் இந்திப் பதிப்பைத் தயாரித்தார். அதே ஆண்டு டிசம்பரில் வடக்கே வெளியிட்டு, தென்னிந்தியப் படம் எதற்கும் அதுவரை நடந்திராத அளவில் நாடெங்கும் விளம்பரம் செய்தார். நூற்றுக்கணக்கானவர்கள் முரசுகள் மேல் ஆடிய காட்சியை இந்தியா முழுக்கப் பார்த்தது. தென்னாட்டு ஸ்டுடியோக்களுக்கு இந்திச் சந்தை திறந்தது அப்போதுதான். தபாலில் பொருள் விற்ற இருபது வயது இளைஞரின் அனுபவம், நாற்பதைத் தாண்டிய தயாரிப்பாளரைக் காப்பாற்றியது. 1964இல் மாநிலங்களவை உறுப்பினரானார். பத்மபூஷண் பெற்ற 1969இலேயே மறைந்தார்.

புறாக்களிடம் கற்ற வியாபாரம்

பக்கவேலை என்று சொல்லக்கூடத் தோன்றாத சின்ன விஷயங்களும் தொழில் கற்றுத்தரும். கவின்கேர் நிறுவனத்தின் சி.கே. ரங்கநாதனைக் கேளுங்கள். கடலூர்ப் பையன். பள்ளிப் படிப்பில் ஆர்வம் குறைவு, ஆனால் வீட்டில் நூற்றுக்கணக்கில் புறாக்கள், தொட்டி நிறைய மீன்கள், விதவிதமான பறவைகள் வளர்த்தார். அவற்றை விற்றுத்தான் கைச்செலவுக்குக் காசு தேற்றிக்கொண்டதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். விருப்பத்துக்காக வளர்க்கிறவன் விற்கும்போது யோசிக்கிற விதமே வேறு. எந்த மீனை எதன் பக்கத்தில் வைத்தால் கண் போகும், எந்த வாடிக்கையாளர் மறுபடி வருவார் என்பது அவனுக்குத் தானாகப் பிடிபடும்.

அவருடைய தந்தை சின்னி கிருஷ்ணன், பணக்காரர் வாங்கும் பொருள் கூலித் தொழிலாளிக்கும் எட்ட வேண்டும் என்று நினைத்தவர். பவுடரையும் எப்சம் உப்பையும் சின்னச் சின்னப் பொட்டலங்களில் அடைத்து விற்றார். தந்தைக்குப் பின் அண்ணன்களின் வெல்வெட் ஷாம்பூ நிறுவனத்தில் சேர்ந்த ரங்கநாதன், கருத்து வேறுபாட்டால் வெளியேறினார். 1983இல் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். அந்தப் பெயர் தந்தையின் பெயரிலிருந்து எடுத்தது.

பெரிய கம்பெனிகள் டி.வி.யில் பேசிக்கொண்டிருந்தபோது இவருடைய ஆட்கள் கிராமங்களுக்குப் போனார்கள். கூட்டத்தில் ஒரு பையனை அழைத்து, எல்லார் முன்னாலும் தலைக்கு ஷாம்பூ போட்டு அலசி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். எந்த கம்பெனியின் காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தாலும் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். வழக்கம் பிடிபட்டதும், சிக் காலிப் பாக்கெட்டுகளுக்கு மட்டும் என்று திட்டத்தை மாற்றினார்கள். விற்பனை பல மடங்கு ஏறியது. வாங்குகிறவரின் கையையும் கண்ணையும் கவனித்தவருக்குத்தான் இப்படிப்பட்ட யோசனை வரும். ஹிஞ்சேவாடியின் குளிரூட்டிய அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது வராது. அவருக்கு அறிவு குறைவு என்று சொல்ல வரவில்லை. அவர் உட்கார்ந்திருக்கும் இடம் அப்படி. அதனால்தான் வாரம் ஒரு நாளாவது அவர் வேறு இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்கிறேன்.

நாற்காலியில் இருந்தபடியே

வாசனும் ரங்கநாதனும் முதலாளிகள், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, மாதச் சம்பளக்காரருக்கு அது பொருந்துமா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில், எம்.ஜி. பரமேஸ்வரன். விளம்பர உலகம் அவரை அம்பி என்று அழைக்கிறது.

சென்னை ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல், கொல்கத்தா ஐ.ஐ.எம்.மில் மேலாண்மை. முதல் வேலை ரீடிஃப்யூஷன் விளம்பர நிறுவனத்தில். பிறகு பூட்ஸ் என்ற மருந்துக் கம்பெனியில் பொருள் விற்கும் பக்கம். அடுத்து யெல்லோ பேஜஸ் எனப்படும் மஞ்சள் பக்கத் தொலைபேசிக் கையேட்டுத் தொழில். மறுபடியும் விளம்பரத்துக்கு வந்து உல்காவில் பல ஆண்டுகள், தலைமைப் பதவி வரை. இந்த வேலைப் பட்டியலை இன்று ஒரு எச்.ஆர். அதிகாரி பார்த்தால், பொறியியலில் தொடங்கி எங்கெங்கோ போயிருக்கிறாரே என்று நெற்றியைச் சுருக்கலாம். வாசனின் படிக்கட்டைப் பார்த்த நமக்கு அப்படித் தோன்றாது. ஏஜென்சியில் இருந்தவர் வாடிக்கையாளர் நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவந்திருக்கிறார்.

முக்கியமான செய்தி இனிமேல்தான். உல்காவில் முழுநேரப் பொறுப்பில் இருந்தபோதே அவர் புத்தகங்கள் எழுதினார். விளம்பரக் கேஸ் ஸ்டடிகளைத் தொகுத்த நூல் ஒன்று அந்த நிறுவனத்தின் பெயரைத் தாங்கியே வந்தது. வேலையோடு வேலையாக மும்பைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். இந்தியரின் மத நம்பிக்கை அவர் கடைக்குப் போகும் விதத்தை எப்படி மாற்றுகிறது என்ற அக்கறை 2014இல் 'ஃபார் காட்ஸ் சேக்' என்ற புத்தகமானது. இந்திய விளம்பரங்களின் அரை நூற்றாண்டைச் சொல்லும் புத்தகம் 2016இல் வந்தது. நிறுவனத்தை விட்ட பிறகு 'ஸ்பாஞ்ச்', 'ஸ்பிரிங்' என்று தொடர்ந்தார். எதையும் மறைத்துச் செய்யவில்லை. எழுத்து அவருக்குப் பெயர் தந்தது, அந்தப் பெயர் நிறுவனத்துக்கும் பயன்பட்டது. அந்த உல்காதான் சந்தூர் சோப்பின் விளம்பரத்தைப் பல ஆண்டுகள் கையாண்டது. சந்தூர் விப்ரோவின் பொருள். மூன்லைட்டிங்குக்கு எதிராக உரக்கப் பேசிய குழுமத்தின் சோப்பை வீடுதோறும் கொண்டுசேர்த்த விளம்பர நிறுவனத்தின் தலைமையில், வேலையோடு வேலையாக ஆய்வேடும் புத்தகமும் எழுதிய ஒருவர் இருந்திருக்கிறார்.

ஆர். பால்கியும் இதே வரிசைதான். லின்டாஸ் விளம்பர நிறுவனத்தின் உயர்பதவியில் இருந்துகொண்டே 2007இல் 'சீனி கம்', 2009இல் 'பா' படங்களை இயக்கினார். இரண்டுக்கும் இசை இளையராஜா. அவர் நிறுவனத்தை விட்டது 2016இல். அதுவரை இரண்டு மேசைகளும் எல்லார் கண்ணுக்கும் தெரியத்தான் இருந்தன.

எங்கே கோடு போடுவது?

இப்போது 2022க்குத் திரும்பிப் பார்ப்போம். பிரேம்ஜி சொன்னதை முழுதாக வாசித்தால், அவரும் குர்னானியும் அவ்வளவு தொலைவில் இல்லை. 300 பேரை நீக்கியதை அறிவித்த அதே வேளையில் பிரேம்ஜி இன்னொன்றும் சொன்னார். வாரக் கடைசியில் இசைக்குழுவில் வாசிப்பதோ ஒரு ப்ராஜெக்ட் செய்வதோ பற்றி நிறுவனத்திடம் மனம்விட்டுப் பேசலாம், ரகசியமாகப் போட்டியாளருக்கு உழைப்பதுதான் குற்றம் என்றார். எச்சரிக்கை அனுப்பிய இன்ஃபோசிஸும், அடுத்த மாதமே, மேலாளரின் அனுமதியோடு வெளிவேலைகளைச் செய்யலாம் என்று வழி சொன்னது. ஆக, எதிரெதிராகத் தெரிந்த மூவரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். சொல்லிவிட்டுச் செய்.

சட்டத்தைப் பற்றிய குழப்பமும் தீர வேண்டும். ஒருவர் ஒரே நாளில் இரண்டு தொழிற்சாலைகளில் வேலை செய்வதை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 60ஆம் பிரிவு தடுத்தது. களைத்துப்போன தொழிலாளி இயந்திரத்தில் கையைக் கொடுத்துவிடக்கூடாது என்ற அக்கறை அதில் இருந்தது. ஐ.டி. அலுவலக மார்க்கெட்டிங்காரரை முதலில் கட்டுப்படுத்துவது அவர் கையெழுத்துப் போட்ட நியமனக் கடிதம். அதைப் படிக்காமலே பலர் கையெழுத்துப் போடுகிறார்கள். இன்றே எடுத்துப் படியுங்கள். வேறு வேலை செய்யக்கூடாது என்றிருக்கிறதா, அனுமதி பெற்றுச் செய்யலாம் என்றிருக்கிறதா, பணிக்காலத்தில் நீங்கள் உருவாக்கும் எதுவும் நிறுவனத்துக்கே சொந்தம் என்றிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது வாசகம்தான் ஆபத்தானது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை உருவாக்கிய செயலிக்கும் அது உரிமை கொண்டாடக்கூடும்.

படித்த பிறகு, மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். என்ன செய்யப்போகிறீர்கள், எந்த நேரத்தில், யாருக்காக என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். வாய்மொழிச் சம்மதம் மேலாளர் மாறியதும் காற்றில் போய்விடும். எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்தின் போட்டியாளருக்கோ வாடிக்கையாளருக்கோ வேலை செய்யாதீர்கள். நிறுவனத்தின் லேப்டாப்பில் உங்கள் மாவு வியாபாரக் கணக்கைக்கூட வைக்காதீர்கள். மார்க்கெட்டிங்காரர்களுக்கு இன்னொரு தனி எச்சரிக்கை: அலுவலகத்தில் கையாளும் வாடிக்கையாளர் பட்டியலிலிருந்து ஒரு தொலைபேசி எண்ணைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. திறமை உங்களோடு வரலாம், தரவு வரக்கூடாது.

வருமானத்தையும் ஒளிக்க வேண்டாம். இன்னொரு நிறுவனத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்தால் ஒரே வருங்கால வைப்புநிதி எண்ணில் இரண்டு முதலாளிகள் பணம் கட்டுவது பதிவாகிவிடும். தனியாகச் செய்யும் தொழிலானால் அந்த வருமானத்தையும் வருமானவரிக் கணக்கில் காட்ட வேண்டும். சம்பளத்தில் பிடித்தது போக, ஆண்டுக்குக் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயை எட்டினால் முன்வரியைத் தவணைகளில் கட்ட வேண்டும். சேவைத் தொழிலில் வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு தேவை.

எல்லாருக்குமா?

எல்லாரும் இரண்டாவது தொழில் தொடங்கியே ஆக வேண்டும் என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. வாகட், பாணேர் பக்கமிருந்து போக்குவரத்தில் ஊர்ந்து வந்து, இரவுக் கால் முடித்து, வீட்டில் கைக்குழந்தையையும் பார்த்துக்கொள்கிறவருக்கு முதலில் தூக்கம் வேண்டும். நெரிசலின் கொடுமையால்தான் ஹிஞ்சேவாடிக்கும் சிவாஜிநகருக்கும் இடையே 23 கிலோமீட்டருக்கு மெட்ரோ வழித்தடம் போட வேண்டிவந்தது. சாலையில் தொலையும் நேரம் ஒருவரின் இரண்டாவது கனவிலிருந்துதான் கழிகிறது. வீட்டு வாடகைக்காகப் பக்கவேலை தேடுகிறவரின் கதை இன்னும் வேறு. அவருக்குத் தேவை நியாயமான சம்பளம். 'பேஷன்' (பேரார்வம்) என்ற சொல்லைச் சொல்லி அவரை மேலும் உழைக்கவைப்பது பாவம்.

ஆனால் நேரமும் ஆர்வமும் இருந்தும் பயத்தால் தயங்குகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். வேலைப் பட்டியலில் நேர்கோடு கலைந்துவிடுமோ என்று அஞ்சுகிறார்கள். அவர்கள் வாசனின் படிக்கட்டை நினைத்துக்கொள்ளட்டும். சிறியதாகத் தொடங்குங்கள். யாரோ ஒருவர் தன் சொந்தக் காசைக் கொடுத்து வாங்கும்படி ஒரு பொருளையோ சேவையையோ உருவாக்குங்கள். வாங்கியவரிடம் ஏன் வாங்கினீர்கள் என்றும், வாங்காதவரிடம் ஏன் வேண்டாம் என்றீர்கள் என்றும் கேளுங்கள். அந்தப் பதில்களைத் திங்கட்கிழமை அலுவலகத்துக்கு எடுத்துப்போங்கள். அடுத்த கேம்பெய்ன் கூட்டத்தில் நீங்கள் பேசும் பேச்சே மாறும்.

மேலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் குழுவில் யாராவது பக்கவேலை பற்றிச் சொல்ல வந்தால், முதல் பதிலாகச் சந்தேகத்தைத் தராதீர்கள். சொன்னவர் தண்டிக்கப்படுகிறார் என்று தெரிந்துவிட்டால், அடுத்தவர் சொல்லாமலே செய்வார். ஒளிவைத் தடுக்க நினைக்கும் நிறுவனம், சொல்வதற்குப் பாதுகாப்பான இடமாகத் தன்னை முதலில் ஆக்கிக்கொள்ள வேண்டும். விதிகளை எழுதிவையுங்கள், எல்லாருக்கும் ஒரே மாதிரி நடைமுறைப்படுத்துங்கள். வெளியே கற்றுவந்ததைப் பகிர்ந்துகொள்ள மாதம் ஒரு மணி நேரம் கொடுங்கள். புத்தகம் எழுதிய அதிகாரியால் உல்கா இளைத்துவிடவில்லை. படம் இயக்கியவரால் லின்டாஸும் மூழ்கிவிடவில்லை. சந்தையைச் சொந்தக் கண்ணால் பார்த்துவிட்டு வரும் ஊழியர் ஹிஞ்சேவாடியின் எந்த நிறுவனத்துக்கும் சொத்துதான். அவர் அதைத் தலைநிமிர்ந்து சொல்ல முடிகிற அலுவலகமாக உங்கள் அலுவலகம் இருக்கட்டும்.